இன்ஜின் மாற்றிய கான்டெஸாவுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"இன்ஜினுக்கே ரெண்டரை லட்சம் ஆயிருச்சுண்ணே." இன்ஜின் மாற்றிய பழைய கார் விலைக்கு வந்தால் பேச்சு இந்த வரியில்தான் தொடங்கும். வண்டியின் விலையோடு அந்த ரெண்டரை லட்சத்தையும் கூட்டி ஒரு தொகை சொல்வார்கள். அதைக் கூட்டவே கூடாது. இன்ஜின் மாற்றிய வண்டிக்கு எப்போதும் கழித்தல் கணக்குதான். அதே மாடல், அதே நிலையில் ஒரிஜினல் இன்ஜினோடு இருந்தால் இன்று என்ன விலைக்குப் போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வண்டியைப் பழையபடி கொண்டுவர ஆகும் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் விலை. வண்டியைப் பழையபடி மாற்றப்போகிறீர்களா இல்லையா என்பது வேறு விஷயம். நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவர் இந்தக் கணக்கைத்தான் போடுவார்.

இங்கே கான்டெஸாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையோடு பழைய வண்டி தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் வண்டி அது. நீளமான மூக்கு, பின் சக்கர டிரைவ், முன்னால் எந்த இன்ஜினையும் இறக்கிவிடலாம் என்று தோன்ற வைக்கும் இடம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்தது. பாடி வாக்ஸ்ஹால் விக்டரின் வழி வந்தது. ஆரம்பத்தில் போட்டது அம்பாசடரில் இருந்த அதே 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய பாடிக்கு அது பத்தவில்லை. பிறகு இசுசுவின் 1,817 சிசி பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன, சக்தி 88 குதிரைத்திறனுக்கு ஏறியது. அதன்பின் 2 லிட்டர் இசுசு டீசலும் வந்தது. ஆகவே 1,489 சிசி, அதாவது 1.5 லிட்டர் வண்டி வைத்திருந்தவர்கள் இன்ஜினை மாற்றியதைக் குறை சொல்ல முடியாது. எதைப் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் விலை மேலும் கீழும் போகிறது.

மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் தேடினால் மூன்று விதமான வண்டிகள் எதிரே வரலாம். முதலாவது, 1.5 இன்ஜின் அப்படியே இருப்பது. இரண்டாவது, 1.5 வண்டியில் இன்னொரு கான்டெஸாவின் இசுசு 1.8 இன்ஜினையும் அதன் கியர் பெட்டியையும் சேர்த்து இறக்கியது. பழைய இன்ஜின் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். மூன்றாவது, வேறு கம்பெனி வேன் அல்லது ஜீப்பின் டீசல் இன்ஜினை ஏற்றியது, ஆர்.சி. புக்கில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும்.

வெட்டினார்களா, வெட்டவில்லையா

விலை பேசுமுன் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே படுத்து, இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கைப் பாருங்கள். கான்டெஸாவுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் எங்கே வெட்டினாலும் வண்டியின் எலும்பை வெட்டியதாகத்தான் அர்த்தம்.

இரண்டாவது வண்டிக்கு இருக்கும் பெரிய பலம் இங்கேதான். இதே பாடிக்குக் கம்பெனியே இசுசு இன்ஜினைப் போட்டு விற்றிருக்கிறது. மவுண்டிங் பிராக்கெட், கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும், இசுசு இன்ஜினோடு வந்து இப்போது உடைத்த கான்டெஸா கிளாசிக் ஒன்றிலிருந்தே எடுக்கலாம். போல்ட் போட்டு இறக்கியதைப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். வெல்டிங் தீப்பொறி படாத வண்டி என்றால் கழிக்க வேண்டிய தொகை சிறியது.

மூன்றாவது வண்டியில் பார்க்க வேண்டியது நிறைய. வேறு கம்பெனி இன்ஜினின் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) முன் கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டத்தில்) இடிக்கும். சிலர் கிராஸ் மெம்பரை அரைவட்டமாக வெட்டி அடியில் பட்டை வைத்து வெல்ட் செய்திருப்பார்கள். சிலர் சம்ப்பை வெட்டி உயரத்தைக் குறைத்திருப்பார்கள். இரண்டுமே ஆபத்து. கிராஸ் மெம்பரில்தான் முன் சஸ்பென்ஷன் பிடித்திருக்கிறது. அது வளைந்தால் வீல் அலைன்மென்ட் நிற்காது, டயர் ஒரு ஓரமாகத் தேயும். சம்ப்பைக் குறைத்தால் ஆயில் கொள்ளளவு குறையும். மேட்டிலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். மலைச்சாலையில் பேரிங் போவதற்கு அது போதும்.

வெல்டிங்கை டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள். நல்ல வெல்டிங் ஒரே அகலத்தில் மீன் செதில் அடுக்கியதுபோல் ஓடும். குமிழ் குமிழாக மேலே உட்கார்ந்திருந்தால் உள்ளே பிடிக்கவில்லை. வெல்டின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டில் மட்டும் துருவின் செம்பழுப்பு கசிந்திருந்தால் அது விரிசல். கறுப்பு அண்டர்கோட் மட்டும் புதிதாக, சுற்றியுள்ள தகரம் பழையதாக இருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விலை பேச அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்து கியர் டனல். கியர் லீவர் வரும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கினால் வெட்டு தெரியும். வெட்டிய வாயை அப்படியே விட்டிருந்தால் சூடும் புகையும் உள்ளே வரும். ஏ.சி. போட்டும் கால் வேகிறது என்று சொல்லும் வண்டிகளில் இதையும் பாருங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒட்டியது தவறில்லை, ஒட்டிய பிறகு பேலன்ஸ் செய்தார்களா என்பதுதான் கேள்வி. இரண்டு முனையிலும் யு.ஜே. கிராஸ் என்ற மூட்டைப் பிடிக்கும் காதுகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒரு காது சற்றே திரும்பியிருந்தாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு வரும். அதைச் சகித்து ஓட்டினால் கிராஸ் போகும், பிறகு கியர் பெட்டியின் பின் ஆயில் சீல் போகும்.

பெட்ரோல் வண்டியில் டீசல் வந்தால்

டீசல் ஏற்றிய வண்டிகளில் அடிக்கடி கவனிக்காமல் விடுவது பிரேக். நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது பிரேக் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜினில் அது, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் வேக்குவத்தில் (வெற்றிடத்தில்) வேலை செய்யும். டீசல் இன்ஜினில் அந்த வேக்குவம் கிடையாது. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் இன்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். இன்ஜினை மாற்றியவர் வேறு ஆல்டர்னேட்டரைப் போட்டிருந்தால் பூஸ்டர் வெறும் டப்பாதான். சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓடாதபோது பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டிப்படும். கால் எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல் அளவு கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

டீசல் இன்ஜின் எடை கூடுதல். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக, ஆனால் ஒரிஜினல் வண்டியைவிடக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறது. சமமாகவே இல்லாவிட்டால் ஸ்பிரிங்கோடு விஷயம் முடியாமல் போகலாம்.

வயரிங்கில் ஹீட்டர் பிளக் ரிலே, இன்ஜினை நிறுத்தும் சோலனாய்டு இரண்டையும் பாருங்கள். சாவியைத் திருப்பி நிறுத்த முடியாமல் கம்பியை இழுத்து நிறுத்துகிறார்கள் என்றால் மீதி வயரிங்கும் அதே லட்சணத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கும் பாதை

பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மதுரைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல சோதனைப் பாதை இருக்கிறது. நான்குவழிச் சாலையில் வாடிப்பட்டி, கொடைரோடு வழியாகத் திண்டுக்கல், அங்கிருந்து சிறுமலை. நான்குவழிச் சாலை அதிர்வைக் காட்டிக் கொடுக்கும், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள் மிச்சத்தைக் காட்டிக் கொடுக்கும். இரண்டாவது கியரில் ஏறும்போது சூடு, இறங்கும்போது பிரேக், வளைவில் ஸ்டியரிங் எதிலாவது உரசுகிறதா என்று எல்லாம் ஒரே பயணத்தில் தெரிந்துவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ரேடியேட்டர் போதுமா என்பதை மதிய நேரத்தில் பாருங்கள். டாஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் மீட்டரை நம்ப வேண்டாம். பழைய மீட்டரும் புதிய இன்ஜினின் சென்சாரும் ஒத்துப்போகாமல் தப்பாகக் காட்டும். லேசர் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் உறை மீது பிடியுங்கள். மலையிலிருந்து இறங்கியதும் ஏ.சி.யோடு இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். 85 முதல் 95 டிகிரிக்குள் நின்றால் சரி. 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர் சின்னது, அல்லது ஃபேன் தள்ளி இருக்கிறது. கோரிப்பாளையம் சிக்னலில் அந்த வண்டி உங்களை நிறுத்திவிடும்.

சூடான இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது அந்த வாய் வழியே எவ்வளவு புகை தள்ளுகிறது என்று பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. தாளம் போட்டதுபோல் புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆயில் பிரஷர் சூட்டில் 1,000 ஆர்.பி.எம்.முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் நின்றால் பேரிங் பற்றிக் கவலை வேண்டாம்.

காகிதம் விலையைப் பாதியாக்கும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதி உள்ள மாற்றத்தையும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

நடைமுறையில் இப்படிப் பார்க்கலாம். 1,489 சிசி பிளாக் போய் அதே 1,489 சிசியில் வேறு பிளாக் போட்டது, பில்லோடு, ஆர்.சி.யில் புதிய இன்ஜின் நம்பரோடு இருந்தால் விலையில் பெரிய அடி இல்லை. இசுசு 1.8 போட்டு ஆர்.சி.யில் பதிந்திருந்தால் கொஞ்சம் கழியும். பதியவில்லை என்றால், வாங்கிய பிறகு பதிந்துகொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வதை நம்பாமல், வண்டி பதிவான அலுவலகத்தில், அது மதுரையின் டி.என். 58ஓ 59ஓ 64ஓ, நேரில் போய்க் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேறு கம்பெனி டீசல் போட்ட பெட்ரோல் வண்டி அங்கே தேறும் என்ற கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது.

ஒளிந்து ஓட்டிக்கொள்ளலாமே என்று நினைக்க இடமில்லை. கான்டெஸா எல்லாமே 20 வயது தாண்டியவை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. அப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்க வேண்டும், நம்பர்கள் ஒத்துப்போக வேண்டும்.

இன்ஜின் நம்பர் அடித்த இடத்தையும் கிட்டத்தில் பாருங்கள். துணியில் டீசல் நனைத்து அழுக்கைத் துடையுங்கள். எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு இருக்க, நம்பர் மேடையில் மட்டும் அரம் ராவிய கோடுகள் தெரிந்தால் அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். உடைத்த வண்டியின் ஆர்.சி. ரத்தான சான்றும், இன்ஜின் நம்பர் எழுதிய விற்பனை ரசீதும் இல்லாத இன்ஜின் திருட்டு இன்ஜினாக இருந்தால் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இன்சூரன்ஸ் பக்கம் ஒரு சிறு விஷயம் பலருக்குப் படுவதில்லை. தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசியை வைத்துப் பிரிக்கப்படுகிறது: 1,000 வரை, 1,000 முதல் 1,500 வரை, 1,500க்கு மேல். ஆர்.சி.யில் 1,489, பானெட்டுக்கு அடியில் 1,817 என்றால் நீங்கள் கட்டுவது தவறான பிரிவின் பணம். விபத்து நடந்து சர்வேயர் வந்தால் அவர் பார்க்கும் முதல் இடங்களில் இன்ஜின் நம்பரும் ஒன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் தொகைகள் கணக்கின் வழியைக் காட்டத்தான், சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நிலையில் உள்ள ஒரிஜினல் 1.5 வண்டி 6 லட்சம் போகும் என்று வையுங்கள். அதுதான் முதல் வண்டியின் விலை.

இரண்டாவது வண்டி, பழைய இன்ஜின் கூடவே வருகிறது. திரும்ப இறக்க கேஸ்கட், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் 70,000. காகித அலைச்சலுக்கு 10,000. மிச்சம் 5 லட்சத்து 20 ஆயிரம். பழைய இன்ஜின் கூட வராவிட்டாலும் 1.5க்குப் பெரிய கவலையில்லை. பழைய அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினும் அதுதான் என்பதால் இன்னும் தேடினால் கிடைக்கும். நம்பர் ஒத்த இன்ஜின் போய்விட்டது என்ற குறை மட்டும் தீராது. இசுசு இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்காக 6 லட்சத்தைத் தாண்ட வேண்டாம். அந்த விலைக்கு மேல் போனால் கம்பெனியிலிருந்தே 1.8ஆக வந்த கான்டெஸா கிளாசிக்கைத் தேடுவது நல்லது.

மூன்றாவது வண்டி. 1.5 இன்ஜினும் கியர் பெட்டியும் தேடி வாங்க 1,20,000. அதை ஓவர்ஹால் செய்ய 60,000. கிராஸ் மெம்பரையும் டனலையும் சரிசெய்து பெயின்ட் அடிக்க 90,000. வயரிங் 25,000. ஷாஃப்ட் 15,000. ஆக மொத்தம் 3,10,000. மிச்சம் 2,90,000. ஆறு மாதம் பட்டறையில் நிற்கும், எதிர்பாராத செலவு வரும். அதற்கு 40,000 கழித்தால் 2,50,000. டீசல் இன்ஜினுக்கு ரசீது இருந்தால் அதைக் கழற்றி விற்று 60,000 பார்க்கலாம், 3,10,000 ஆகும். ரசீது இல்லையென்றால் 2,50,000 தான். விற்பவர் கேட்பது எட்டு லட்சமாக இருக்கும். நடுவில் இருக்கும் ஐந்து லட்சத்தைப் பேரம் பேசி இறக்க முடியாது, கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஹெரால்டு என்றால் கணக்கு வேறு

சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961இல் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டு காருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான். அந்த உறவுக்காகவே இரண்டு கதவு ஹெரால்டைத் தேடுகிறவர்கள் உண்டு.

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய வின்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நிபந்தனை என்னவென்றால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. 948 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு மாருதி இன்ஜின் போட்ட ஹெரால்டு அந்த வாசலில் நுழையவே முடியாது. வின்டேஜ் பதிவில் வண்டியைத் தினமும் சாலையில் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். ஆனாலும் சேகரிப்பவருக்கு அந்தப் பதிவு பெரிய மதிப்பு. அதனால் ஹெரால்டில் ஒரிஜினல் இன்ஜின் போனது கான்டெஸாவில் போனதைவிடப் பல மடங்கு வலிக்கும். முதல் கான்டெஸாவுக்கே 2034 வரை இந்தப் பேச்சு கிடையாது.

எதை எடுக்கலாம்

கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு ஏறி இறங்க வேண்டும் என்றால், ஆர்.சி.யில் பதிந்த இசுசு வண்டி. 1.5 அந்த மலையில் மூச்சு வாங்கும். வத்தலகுண்டு தாண்டியதுமே அது தெரிந்துவிடும். அழகர்கோவில் ரோட்டில் ஞாயிறு காலையில் ஓட்டவும், கல்யாணத்துக்குக் கொடுக்கவும், பத்து வருடம் வைத்து விற்கவும் என்றால் முதல் வண்டியே போதும், அதுதான் விலை இறங்காமல் நிற்கும். ஆர்.சி.யில் பதியாத டீசல் வண்டியை உதிரிபாகத்துக்காக மட்டும் வாங்கலாம். கதவு, கண்ணாடி, பம்பர், டாஷ்போர்டு நன்றாக இருந்தால் அந்த விலையை மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது வண்டியை முடிவு செய்தால் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே பழைய இன்ஜினைக் கையோடு ஏற்றிவிடுங்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஏர் கிளீனர், பழைய கியர் பெட்டி, அதன் மவுண்டிங், கிளட்ச் கவர் என்று ஒவ்வொன்றாக எண்ணி, இன்ஜின் நம்பரைச் சுண்ணாம்புக் கட்டியில் தேய்த்துப் படம் எடுத்து, ரசீதில் அந்த நம்பரை எழுதி வாங்குங்கள். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கலாம்" என்று விட்டுவந்த இன்ஜினுக்குக் கணக்கில் 70,000 என்று போட்ட இடத்தில், வேறு இன்ஜினும் கியர் பெட்டியும் வாங்கி ஓவர்ஹால் செய்ய இன்னும் 1,80,000 சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.